லேசர் வெட்டுக்கு எந்த மென்பொருள்? பெயர்ப்பலகை, கோலத்தட்டு, கொலு வீடு வழியே ஓர் ஒப்பீடு

லேசருக்கு என்று ஒரே ஒரு மென்பொருளைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். இங்கே வேலை இரண்டு. படத்தை வரைவது ஒன்று. வரைந்ததை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி, எந்தக் கோட்டை என்ன வேகத்தில், எவ்வளவு சக்தியில் எரிப்பது என்று சொல்லி ஓட்டுவது இன்னொன்று. இங்க்ஸ்கேப், கோரல்டிரா, ஃப்ரீகேட் எல்லாம் முதல் வகை. லேசர்ஜிஆர்பிஎல் இரண்டாவது வகை. லைட்பர்ன் முக்கியமாக இரண்டாவது வகை என்றாலும் கொஞ்சம் வரையவும் வரையும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் செலவுக் கணக்கும் தெளிவாகிவிடும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைவதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஓட்டுவதற்குக் கொடுங்கள், அதையும் இலவசமாகப் பழகிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

எல்லா மென்பொருளையும் வரிசையாக நிறுத்தி மதிப்பெண் போடுவதில் பயனில்லை. எதை வெட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்து அந்த வரிசை தலைகீழாக மாறும். அதனால் நம் ஊரில் லேசர் வாங்கியவர் யாராக இருந்தாலும் என்றாவது ஒருநாள் கைவைக்கும் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்கிறேன். வாசலில் மாட்ட ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை, மாவு தூவிப் போட ஒரு கோலத்தட்டு, நவராத்திரி கொலுவின் பூங்காவில் வைக்க எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) ஒரு குட்டி வீடு. மூன்றும் மூன்று விதமான மென்பொருளைக் கேட்கும்.

முதலில் போர்டைப் பாருங்கள்

ஓட்டும் மென்பொருள் விஷயத்தில் நமக்கு அதிக உரிமை கிடையாது. இயந்திரத்துக்குள் இருக்கும் கண்ட்ரோலர் போர்டுதான் அதைத் தீர்மானிக்கும். வீட்டு மேசையில் வைக்கும் நீல ஒளி டயோடு இயந்திரங்களில் பெரும்பாலானவை ஜிஆர்பிஎல் என்ற திறமூல நிரலில் ஓடுகின்றன. ஆர்டுயினோ போர்டுக்காக 2009-ல் தொடங்கிய நிரல் அது. அவற்றுக்கு லேசர்ஜிஆர்பிஎல், லைட்பர்ன் இரண்டும் பொருந்தும். கே40 என்று எல்லோரும் அழைக்கும் 40 வாட் சீன சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசர் பெட்டியில் எம்2 நானோ போர்டு இருந்தால் கதை வேறு. லைட்பர்ன் அதோடு பேசாது. கே40 விஸ்பரர், மீர்கே40டி என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு, அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கே40 விஸ்பரரில் சிவப்புக் கோடு என்றால் வெட்டு, நீலக் கோடு என்றால் மேலோட்டமான கீறல், மற்றதெல்லாம் படமாகப் பொறிக்கப்படும். வரையும்போதே அந்த நிறங்களில் வரையப் பழகிவிட்டால் போதும்.

இன்னும் பெரிய சிஓ2 இயந்திரங்களில் ருய்டா போர்டு இருக்கும். ஆர்டிவொர்க்ஸ் என்ற ஓட்டும் மென்பொருள் அதோடு இலவசமாகவே வரும், விண்டோஸில் மட்டும் ஓடும். அதன் முகப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி இல்லை, ஆனால் வேலை நடக்கும். ஆக, இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் "உள்ளே என்ன போர்டு?" என்று கேட்டுவிடுங்கள். வாட் எத்தனை என்பதைவிட அந்தப் பதில்தான் பிற்காலச் செலவை முடிவு செய்யும்.

பெயர்ப்பலகை: புள்ளி விழும், சுழி விழும்

"கோமதி இல்லம்" என்ற பெயரை 4 மி.மீ. பிளைவுட்டில் எழுத்து எழுத்தாக வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெயருக்கு எழுதப்பட்ட எந்தப் பாடமும் இங்கே பாதி வழியில் கைவிடும். "கோ" என்பது ஓர் எழுத்து, ஆனால் மூன்று துண்டு: இரட்டைக் கொம்பு தனி, க தனி, கால் தனி. "ல்", "ம்" இரண்டிலும் புள்ளி தனியாகக் கழன்று விழும். பெரும்பாலான எழுத்துருக்களில் இந்தச் சின்னப் பெயரே 11 துண்டுகளாக வந்து நிற்கும். புள்ளியைப் பிசின் வைத்து ஒட்டலாம்தான். அடுத்த மழைக்காலம் வரை நிற்குமா என்பது வேறு விஷயம்.

தலைகீழ் வேலையில், அதாவது எழுத்தை ஓட்டையாக வெட்டி ஸ்டென்சில் செய்யும்போது, புள்ளி பிரச்சினை இல்லை, சுழிதான் பிரச்சினை. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, வ என்று எங்கெல்லாம் சுழி மூடிக்கொள்கிறதோ அங்கெல்லாம் உள்ளே இருக்கும் மரம் பொத்தென்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு சின்னப் பாலம் போட்டாக வேண்டும்.

ஆக, இந்த வேலைக்கு மென்பொருளிடம் கேட்க வேண்டியவை மூன்று: தமிழ் யூனிகோடை உடையாமல் காட்ட வேண்டும், எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றித் தர வேண்டும், அந்தக் கோடுகளின் நோடுகளை, அதாவது வடிவத்தைத் தீர்மானிக்கும் பிடிப்புள்ளிகளைப் பிடித்து இழுக்கவும் வடிவங்களை ஒட்டவும் கழிக்கவும் விட வேண்டும். இந்த மூன்றிலும் இங்க்ஸ்கேப் தேறிவிடுகிறது. 2003-ல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திறமூலத் திட்டம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சொந்தக் கோப்பு வடிவமே எஸ்விஜி, படத்தைக் கோடுகளாகவே சேமிக்கும் வகை. எழுத்தைத் தட்டி, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து பாத், அதாவது வெறும் கோடு ஆகிவிடும். பிறகு புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கீழே இறக்கி எழுத்தோடு லேசாக மோதவிட்டு யூனியன் கொடுத்தால் இரண்டும் ஒரே துண்டு. கொம்பையும் காலையும் கூட அப்படியே நகர்த்தி ஒட்டலாம். ஒட்டினால் எழுத்து அசிங்கமாகிறது என்று நினைப்பவர்கள் அடியில் ஒரு பட்டை ஓடவிட்டு எல்லா எழுத்தையும் அதன் மேல் உட்கார வைக்கலாம். கடைவீதிப் பலகைகளில் பழகிப்போன வடிவம்தான் அது.

யூனியனை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். சில தமிழ் எழுத்துருக்களில் ஒரே எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் கறுப்பு நிறம் நிரப்பியிருக்கும்வரை அது தெரியாது. லேசர் அந்த ஏறி நிற்கும் கோட்டையும் விசுவாசமாக வெட்டிவிட்டுப் போகும். நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பார்க்கும் பார்வை ஒன்று மெனுவில் இருக்கிறது, அதில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. பலூ தம்பி, கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவும் உரிமச் சிக்கல் இல்லாமலும் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன. வெட்டுக்கு என் தேர்வு பலூ தம்பி. தடித்த உடம்பு, உருண்டை முனை, மெலிந்து ஒடியும் இடம் குறைவு. டிடிபி காலத்து பாமினி வகை எழுத்துருக்களை வைத்திருப்பவர்கள் அவற்றிலேயே வரையலாம், தடையில்லை. ஆனால் கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோகும் முன் கட்டாயம் பாத் ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பாமினி இல்லாத திரையில் "அம்மா" என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும்.

லைட்பர்னிலும் எழுத்தைத் தட்டலாம், ஒட்டலாம், நோடைத் திருத்தலாம். ஆங்கிலப் பெயர், தேதி, எண் போன்றவற்றுக்கு அது போதும். தமிழை மட்டும் இங்க்ஸ்கேப்பில் முடித்து, கோடாக்கி எடுத்துப்போவதுதான் என் பழக்கம்.

அஃபினிட்டி என்ற வரையும் மென்பொருளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருமுறை காசு கட்டி வாங்கும் மென்பொருளாக இருந்தது. அந்த நிறுவனத்தை 2024-ல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரிலிருந்து கேன்வா கணக்கு இருந்தால் இலவசம். கைக்கு வழவழப்பு, இங்க்ஸ்கேப்பைவிட அழகு. லினக்ஸில் கிடையாது. தமிழ் வேலைக்கு எடுக்கும் முன் "கொ", "ஸ்ரீ", "க்ஷௌ" மூன்றையும் தட்டிப் பாருங்கள். மூன்றும் ஒழுங்காக வந்தால் வைத்துக்கொள்ளலாம். எந்தப் புது மென்பொருளுக்கும் இந்தச் சோதனை செல்லும்.

இடையில் ஒரு வார்த்தை, மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாதது. பெயர்ப்பலகைக்கு விலை குறைவு என்று சன்போர்டு வாங்கி லேசரில் வைக்கிறார்கள். கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் ஃபோம் ஷீட் பெரும்பாலும் பிவிசி. எரிந்தால் வரும் குளோரின் சார்ந்த புகை நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். ரெக்சினும் அப்படித்தான்.

கோலத்தட்டு: வரைவது சுலபம், வெட்டுவது வில்லங்கம்

சிக்குக் கோலத்தின் அமைப்பே ஸ்டென்சிலுக்கு எதிரானது. கோடு ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துச் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பும். அந்தக் கோட்டை 3 மி.மீ. அகலமாக்கி வெட்டினால் சூழப்பட்ட பகுதி ஒவ்வொன்றும் கழன்று விழும். கையில் மிஞ்சுவது வெளிச்சட்டம் மட்டும். கோயில் வாசல் கடைகளில் விற்கும் கோலத்தட்டுகள் வரிசை வரிசையான ஓட்டைகளால் ஆனதற்குக் காரணம் இதுதான். நாமும் அதே வழியில்தான் போக வேண்டும்.

வரையும் பாதியில் இங்க்ஸ்கேப்புக்கு நிகர் இலவசத்தில் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. கட்டம் ஒன்றைத் திரையில் போட்டு, நேர்ப்புள்ளியாக ஐந்துக்கு ஐந்து வைத்து, கால் பகுதியை மட்டும் வரைந்தால் போதும். மீதி முக்கால் குளோன்கள். குளோன் என்றால் நகல்தான், ஆனால் மூலத்தைத் திருத்தினால் எல்லா நகலும் கூடவே திருந்தும். ஒரு வளைவு பிடிக்கவில்லை என்றால் ஓரிடத்தில் இழுத்தால் நான்கு பக்கமும் மாறிவிடும். இதையே பெரிதாகச் செய்யும் டைல்டு குளோன்ஸ் என்ற பகுதியில், தளத்தில் சாத்தியமான 17 சமச்சீர் முறைகளும் வரிசையாக இருக்கின்றன. சுவர் ஓவியக் கோலங்களை விரும்புகிறவர்கள் அதற்குள் போனால் திரும்பி வர நேரமாகும்.

கோடு தயாரானதும் அதை ஓட்டைகளாக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஸ்கேட்டர் என்று ஒன்று உண்டு. 2 மி.மீ. வட்டம் ஒன்றை வரைந்து, கோலக் கோட்டையும் தேர்ந்தெடுத்து அதை ஓட்டினால் கோடு நெடுக வட்டங்கள் வரிசையாக வந்து உட்காரும். இடைவெளி 3.5 மி.மீ. அளவில் இருந்தால் மாவும் இறங்கும், பலகையும் ஒடியாது. கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடங்களில் வட்டங்கள் ஒன்றோடொன்று மோதும். அவற்றைக் கையால்தான் களைய வேண்டும், இதற்குக் குறுக்குவழி இல்லை.

லைட்பர்னில் பெர்ஃபொரேஷன் என்ற வசதி இருக்கிறது, கோட்டை விட்டுவிட்டு வெட்டும். கேட்டதும் கோலத்தட்டுக்கு இது போதுமே என்று தோன்றும். போதாது. லேசரின் வெட்டு அகலம் மி.மீ.-யில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான், அதில் கோலமாவு இறங்காது. அட்டையை மடிக்கக் கோடு போடுவதற்கு அருமையான வசதி. இந்த வேலைக்கு ஆகாது.

ஃப்யூஷன், ஃப்ரீகேட் போன்ற பொறியியல் மென்பொருளில் கோலம் போட முயல வேண்டாம். நூற்றுக்கணக்கான வட்டம் ஏறியதும் ஸ்கெட்ச் நத்தையாக நகரும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஓப்பன்ஸ்கேட் பக்கம் போகலாம். புள்ளிக் கணக்கைக் கொடுத்தால் கோலம் பிறக்கும் நிரலை எழுதுவது தனிச் சுகம். அது லேசரைவிடப் பெரிய பொழுதுபோக்காகிவிடும் அபாயமும் உண்டு.

பாட்டி போட்ட கோலத்தைப் படம் எடுத்து அப்படியே கோடாக்கலாமா என்று கேட்பார்கள். இங்க்ஸ்கேப்பின் டிரேஸ் பிட்மேப் அதைச் செய்யும். ஆனால் வழக்கமான முறையில் ஒரு கோட்டுக்கு இரண்டு கரைகளையும் எடுத்து இரட்டைக் கோடாகத் தரும். 1.0 பதிப்பிலிருந்து நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் சென்டர்லைன் முறை வந்திருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் கோணல் நோடுகள் குவிந்து கிடக்கும். படத்தை அடியில் மங்கலாக வைத்து மேலே புதிதாக வரைவதே சீக்கிரம் முடியும்.

கொலு வீடு: பலகையின் உண்மையான தடிமன்

மூன்றாவது வேலையில் இங்க்ஸ்கேப் தடுமாறும். சுவரும் கூரையும் பல்லோடு பல் கோத்து நிற்க வேண்டிய வீடு. 3 மி.மீ. என்று சொல்லி விற்ற எம்டிஎஃப்பை வெர்னியரில் அளந்தால் 2.8 இருக்கும், அடுத்த கடையில் வாங்கினால் 3.1 இருக்கும். இங்க்ஸ்கேப்பில் வரைந்த வீட்டில் ஒவ்வொரு பல்லையும் ஒவ்வொரு துளையையும் கையால் மாற்ற வேண்டும். அளவை ஒரு பெயராக வைத்துக்கொண்டு வரையும் மென்பொருளில், தடிமன் என்ற ஓர் எண்ணை மாற்றினால் வீடு முழுக்க மாறிவிடும்.

இதோடு லேசர் எரித்துத் தின்னும் அகலமும் சேரும். கெர்ஃப் என்பார்கள். அதை அளக்க, 20 மி.மீ. சதுரங்கள் பத்தை வெட்டி வரிசையாக நெருக்கி அடுக்குங்கள். 200 வர வேண்டியது 198.4 வந்தால் 1.6 குறைகிறது, ஆகவே கெர்ஃப் 0.16. இதே பலகையில் 2.8 என்று வரைந்த துளை 2.96 ஆக அகலும், அதில் நுழையும் 2.8 தடிமன் பலகை லொடலொடவென்று ஆடும். துளையை 2.64 என்று வரைந்தால் இறுக்கமாக உட்காரும். லைட்பர்னில் வெட்டும் லேயருக்கே (ஒரே அமைப்பில் ஓடும் கோடுகளின் தொகுப்பு) கெர்ஃப் ஆஃப்செட், அதாவது கோட்டைத் தள்ளி வெட்டும் அளவு, கொடுத்துவிடலாம், வரைபடத்தைத் தொட வேண்டாம். கெர்ஃபில் பாதியைத்தான் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், கோட்டின் இரு பக்கமும் பாதிப் பாதி எரிகிறது. லைட்பர்னுக்குக் காசு கொடுப்பதை நியாயப்படுத்தும் வசதிகளில் எனக்கு இதுதான் முதல்.

மென்பொருளே கற்காமல் பெட்டி வேண்டும் என்பவர்களுக்கு பாக்ஸஸ் டாட் பை இருக்கிறது. திறமூலம், உலாவியிலேயே ஓடும். நீளம், அகலம், உயரம், தடிமன் கொடுத்தால் பல் வைத்த பெட்டியை எஸ்விஜி-யாகக் கையில் தரும். அதில் பர்ன் என்று கேட்கும் எண் கெர்ஃபில் பாதி, மேலே சொன்ன கணக்கில் 0.08. மூடி வைத்த பெட்டி, மேல் தட்டு அலமாரி, வளையும் மரக் கீல் என்று வகை வகையாக வார்ப்புகள் உண்டு. கொலு வீட்டின் நான்கு சுவரை அதில் எடுத்து, ஜன்னலையும் கதவையும் இங்க்ஸ்கேப்பில் திறந்து வெட்டிச் சேர்ப்பதுதான் என் பரிந்துரை. பத்தில் எட்டுப் பேருக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

அதற்கு மேலும் வேண்டும் என்றால், அதாவது சாய்ந்த கூரை, கோபுரம், ஆடும் ஊஞ்சல் என்று போனால், போட்டி ஃப்யூஷனுக்கும் ஃப்ரீகேடுக்கும். ஃப்யூஷன் பழகச் சுகம், பாடங்கள் ஏராளம். தனிநபர் உரிமம் இலவசம்தான், ஆனால் வணிகத்துக்கு அல்ல, ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்துதான், இணையம் வேண்டும், கணினியும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். 2020-ல் இந்த இலவச உரிமத்தின் வசதிகளைக் குறைத்தார்கள். நாளையும் குறைக்கலாம் என்ற நினைப்போடுதான் உள்ளே போக வேண்டும். ஆன்ஷேப் உலாவியில் ஓடுவதால் பழைய கணினிக்கும் ஒத்துவரும். இலவசக் கணக்கில் வரைவதெல்லாம் ஊருக்கே தெரியும், அதில் கூச்சமில்லை என்றால் சரி.

ஃப்ரீகேட் முழுக்க இலவசம், யாரும் பிடுங்க முடியாது. 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. முதலில் வரைந்த ஒரு பாகத்தைத் திருத்தினால் பின்னால் செய்த வேலை எல்லாம் குலைந்துபோகும் பழைய நோய் அதில் பெருமளவு குறைந்திருக்கிறது. அளவுகளை ஒரு விரிதாளில் எழுதி வைத்து அதிலிருந்தே ஸ்கெட்ச்சை ஓட்டலாம், பலகை மாறினால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும். கற்பதற்குக் கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. முதல் இரண்டு வாரம் மெனுவோடு சண்டைதான் நடக்கும். பொழுதுபோக்கு என்பது வருடக்கணக்கில் ஓடும் சமாச்சாரம், அதனால் நான் ஃப்ரீகேட் பக்கம். அடுத்த மாதக் கொலுவுக்கே வீடு வேண்டும் என்பவர் ஃப்யூஷன் பக்கம் போகட்டும்.

இந்த இரண்டிலிருந்தும் டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பு எடுக்கும்போது ஒரு சுவரின் வெளிக்கோடு துண்டு துண்டாக வரலாம், ஒரே கோடு இரண்டு முறையும் வரலாம். இரட்டைக் கோடு என்றால் லேசர் ஒரே இடத்தில் இரண்டு முறை எரிக்கும், விளிம்பு கரியாகும். லைட்பர்னில் இரட்டையை நீக்கவும் துண்டுகளை இணைக்கவும் கட்டளைகள் இருக்கின்றன. உள் வடிவங்களை முதலில் வெட்டு என்ற குறியையும் போட்டுவிடுங்கள். சுவர் முதலில் கழன்று சரிந்துவிட்டால் பிறகு வெட்டும் ஜன்னல் கோணலாகும்.

காசு கொடுப்பதா, வேண்டாமா

லேசர்ஜிஆர்பிஎல் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும், பழைய கணினியிலும் ஓடும். புகைப்படத்தை மரத்தில் பொறிப்பதுதான் அதன் சொந்தக் கலை, அதில் குறை சொல்ல முடியாது. எஸ்விஜி-யும் படிக்கும். ஆனால் ஒரே வேலைக்குள் இந்தக் கோட்டை மெதுவாக வெட்டு, அந்தக் கோட்டை வேகமாகக் கீறு என்று பிரித்துச் சொல்வது அங்கே வசதியாக இல்லை. இரண்டு கோப்பாகப் பிரித்து, பலகையை அசைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதே நம்பகமான வழி. பெயர்ப்பலகை வெட்டுபவருக்கு இது தொல்லையில்லை. கொலு வீட்டுக்கு ஓட்டுக்கூரை வரியும் செங்கல் கோடும் கீறுபவருக்குத் தினமும் தொல்லை.

லைட்பர்னில் நிறம்தான் லேயர். கறுப்புக்கு ஒரு வேகம், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, எது முதலில் என்ற வரிசை, எல்லாம் ஒரே திரையில். புதுப் பலகை வாங்கினால் வேகத்தையும் சக்தியையும் கட்டம் கட்டமாக மாற்றி எரித்துக்காட்டும் சோதனைத் தாளையும் அதுவே தயாரிக்கும். ஜிஆர்பிஎல் இயந்திரங்களுக்கான கோர் பதிப்பு 99 டாலர், ருய்டா போன்றவற்றுக்கான புரோ 199 டாலர். கோர் என்றாலே நம் பணத்தில் 8,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஒரு வருடத்துக்குப் புதுப்பிப்புகள் வரும், அதன் பிறகு பணம் கட்டாவிட்டாலும் கையில் இருக்கும் பதிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். 30 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பார்க்கலாம். அந்த 30 நாளை இயந்திரம் வந்த அன்றே தொடங்கிவிடாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் நான்கைந்து வேலை தயாராக வைத்துக்கொண்டு, லேசர்ஜிஆர்பிஎல்லில் ஒருமுறை எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்த பிறகு தொடங்குங்கள். வித்தியாசம் 8,000 ரூபாய் பெறுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

லினக்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. லைட்பர்ன் 1.7 பதிப்போடு லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. அவர்களுக்கு மீர்கே40டி இருக்கிறது, இப்போது ஜிஆர்பிஎல் இயந்திரங்களையும் ஓட்டுகிறது. தமிழ்நாட்டு அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித்தான் வந்தன. வீட்டு மூலையில் ஒன்று கிடந்தால் லேசரை ஓட்டுவதற்கென்றே அதை ஒதுக்கிவிடலாம், புகையும் தூசியும் நல்ல கணினிக்குப் போகாது.

கோரல் கேட்கும் கடை

இயந்திரம் இல்லாதவர்கள் கடைக்குப் போவார்கள். அங்கே முதல் கேள்வி, "தம்பி, கோரல் ஃபைல் இருக்கா?" என்பதுதான். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், ரப்பர் ஸ்டாம்ப் என்று நம் ஊர் அச்சுத் தொழிலே கோரல்டிராவில் வளர்ந்தது. அந்தப் பழக்கம் லேசர் கடைக்கும் வந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு கோரல் கற்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். இங்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவத்தில் சேமிக்காது. பிடிஎஃப் அல்லது டிஎக்ஸ்எஃப் கொடுத்தால் கடைக்காரர் கோரலில் திறந்துகொள்வார்.

ஏற்கெனவே டிடிபி வேலை தெரிந்து, முறையான கோரல் உரிமமும் வைத்திருப்பவர் அதிலேயே இருக்கலாம். கை பழகியதை விடச் சொல்ல மாட்டேன். புதிதாக வருபவர் பொழுதுபோக்குக்காக ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கட்டுவதில் அர்த்தமில்லை. சந்தா மட்டுமே உள்ள இல்லஸ்ட்ரேட்டருக்கும் இதே பதில்தான். திருட்டுப் பதிப்பு பென் டிரைவில் கிடைக்கிறதே என்பார்கள். அதோடு என்னென்ன வைரஸ் வரும் என்று தெரியாமல் அதே கணினியில் வங்கிக் கணக்கையும் திறப்பவரின் தைரியம் எனக்கில்லை.

கடைக்குக் கோப்பு கொடுக்கும்போது அளவு மாறுவதுதான் உண்மையான ஆபத்து. எஸ்விஜி-யில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கு வேறு. இல்லஸ்ட்ரேட்டருக்கு 72. பழைய இங்க்ஸ்கேப்புக்கு 90, 2017-ல் வந்த 0.92 பதிப்பிலிருந்து 96. 96-ல் வரைந்ததை 72 என்று படித்தால் 300 மி.மீ. பலகை 400 ஆகிவிடும். டிஎக்ஸ்எஃப்பில் அங்குலத்தையும் மி.மீ.-யையும் குழப்பினால் 25.4 மடங்கு தவறும், அது உடனே கண்ணில் படும் என்பதால் பரவாயில்லை. எந்தக் கோப்பின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டு, "இது 100 இருக்கான்னு பாத்துட்டு வெட்டுங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். பாக்ஸஸ் டாட் பை கேட்காமலேயே அப்படி ஓர் அளவுப் பட்டையைப் போட்டுத் தருகிறது.

எதை முதலில் கற்பது

இங்க்ஸ்கேப்பைத் திறந்தால் நூறு கருவி தெரியும். லேசருக்கு அதில் தேவை கொஞ்சம்தான்: சரியான மி.மீ. அளவில் வடிவம் வைப்பது, ஒட்டுவதும் கழிப்பதும், நோடு திருத்துவது, உள்ளேயும் வெளியேயும் ஆஃப்செட் எடுப்பது, எழுத்தைப் பாத் ஆக்குவது. நிறச்சாயல், மங்கல், நிழல், ஃபில்டர் எல்லாம் லேசருக்குத் தெரியாத பாஷை. அந்தப் பாடங்களைத் துணிந்து தாண்டிவிடலாம். ஹெல்ப் மெனுவுக்குள்ளேயே சிறு பாடங்கள் இருக்கின்றன, அவை இங்க்ஸ்கேப் கோப்புகளாகவே திறக்கும், படித்துக்கொண்டே அதிலேயே வரைந்து பார்க்கலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலும் இங்க்ஸ்கேப்புக்குப் பாடத் தொடர் உண்டு.

தொடங்கும் அன்றே மாற்ற வேண்டிய அமைப்பு ஒன்று. இங்க்ஸ்கேப் ஒரு வடிவத்தின் அளவைச் சொல்லும்போது கோட்டின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளும். 1 மி.மீ. கோட்டில் 50 மி.மீ. சதுரம் வரைந்தால் 51 என்று காட்டும், நீங்கள் அதைத் திருத்தி 50 ஆக்கினால் லேசர் 49-ஐ வெட்டித் தரும். பிரெஃபரன்ஸஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் ஜியாமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை அதோடு ஒழிந்தது.

பயிற்சிக்கு உங்கள் பெயரில் ஒரு சாவிக்கொத்துப் பட்டை போதும். புள்ளியும் கொம்பும் உள்ள பெயராக இருந்தால் ரொம்ப நல்லது. எழுத்தைத் தட்டி, பாத் ஆக்கி, ஒட்டி, வெளியே 2 மி.மீ. ஆஃப்செட் எடுத்து அடிப்பலகை செய்து, வளையத்துக்கு ஒரு 4 மி.மீ. துளை கழித்தால் மேலே சொன்ன ஐந்தில் நான்கு முடிந்துவிட்டது. முதல் வெட்டை மரத்தில் போடாமல் கோதுமை மாவு டப்பாவோ செருப்பு டப்பாவோ எந்த அட்டை கிடைக்கிறதோ அதில் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட உட்கார்ந்தால் அவர்களுக்கு டிங்கர்கேட் கொடுக்கலாம். உலாவியில் ஓடும், இலவசம், கட்டைகளை அடுக்கி விளையாடிவிட்டு எஸ்விஜி-யாக எடுக்கலாம். ஓட்டும் மென்பொருளும் இயந்திரமும் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.